கசகசா ஒரு பூட்டு, காளான் வேறொரு பூட்டு

லீவு முடிந்து ஊரிலிருந்து கிளம்பும்போது பெட்டியில் எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்பதற்கு வளைகுடாத் தமிழ் வீடுகளில் எழுதப்படாத பட்டியல் ஒன்று உண்டு. முருங்கைக்கீரைப் பொடி வரலாம். கருவாடு, நாலு சுற்று பிளாஸ்டிக்கில் கட்டியிருந்தால், வரலாம். பாட்டி காயவைத்து அரைத்த மிளகாய்த்தூள் ஐந்து கிலோ வரலாம். கசகசா மட்டும் கூடவே கூடாது. ஏன் என்று தெரியாத வயதிலேயே இது நமக்குத் தெரியும். நம்ம வீட்டுக் குருமாவில் கசகசா இருந்த இடத்தை முந்திரி பிடித்துக்கொண்டதற்கு ருசி காரணமே இல்லை, சுங்கச் சோதனைதான் காரணம். சவூதியில் இருக்கிறவர்களுக்கு இன்னொன்றும் தெரியும்: குழந்தைக்கு உரசிக் கொடுக்கிற ஜாதிக்காய்க்கும் அங்கே கட்டுப்பாடு உண்டு.

கசகசா, அபின் எடுக்கிற அதே செடியின் விதை. விதையின் மேல்தோலில் அந்தச் செடியின் பால் கொஞ்சம் ஒட்டியிருக்கும். அதில் மார்ஃபின் துளித்துளியாக இருக்கும். அந்த மூலக்கூறு போய் உட்கார நம் மூளையில் ஓர் இடம் தயாராக இருக்கிறது. அந்த இடத்துக்குப் பெயர் ஏற்பி. ரிசெப்டர் என்று சொன்னால் பிள்ளைகளுக்கு உடனே புரியும். இந்த மாதப் பத்தி முழுக்க அந்த ஏற்பிகளைப் பற்றித்தான். கசகசா வழியாக ஆரம்பித்தாலும் போய்ச் சேர வேண்டிய இடம் காளான்.

காளான் எதற்கு இப்போது? என் அக்கா மகள் ஷார்ஜாவில் பன்னிரண்டாவது முடித்துவிட்டு கனடா கிளம்பத் தயாராகிறாள். ஒரு வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில், தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "மாமா, மேஜிக் மஷ்ரூம் அடிக்ஷன் ஆகாதாமே. அதுல டிப்ரெஷனுக்கு மருந்தே கண்டுபிடிக்கிறாங்களாமே. அப்புறம் ஏன் அது தப்பு?" அக்காவுக்குக் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது. "இந்தப் பேச்செல்லாம் எங்கேருந்து வருது?" என்பதுதான் அவளிடமிருந்து வந்த பதில்.

அந்தப் பதிலோடுதான் நாமும் வளர்ந்தோம். அபுதாபியிலோ துபாயிலோ மஸ்கட்டிலோ இந்தியன் ஸ்கூலில் படித்த நம்ம தலைமுறைக்கு "போதை" என்பது ஒரே ஒரு சொல். கஞ்சா, ஹெராயின், காளான், ஸ்டாம்ப், இருமல் மருந்து எல்லாம் அதே கறுப்புப் பைக்குள். தொட்டால் ஜெயில், பேசினால் அடி. அதில் ஒரு வசதி இருந்தது. இந்த ஊரில் அந்தப் பையை யாரும் நம் முன்னால் அவிழ்த்ததில்லை. நம்ம பிள்ளைகளின் நிலைமை வேறு. பதினெட்டு வயது வரை உலகத்திலேயே கண்டிப்பான சட்டங்களுக்குள் வளர்ந்துவிட்டு, ஒரே மாதத்தில் டொராண்டோவிலோ வான்கூவரிலோ போய் இறங்குகிறார்கள். அங்கேயும் காளான் சட்டப்படி தடைதான், ஆனால் பெயர்ப்பலகை வைத்துக் கடை நடக்கிறது. நெதர்லாந்தில் 2008 முடிவில் காளானைத் தடை செய்தார்கள். அதே வேதிப்பொருள் உள்ள 'ட்ரஃபிள்' எனும் நிலத்தடி முடிச்சு இன்றும் கடையில் கிடைக்கிறது. எல்லாமே விஷம், எல்லாமே அடிமையாக்கும் என்று நாம் சொல்லி அனுப்பினால், ஹாஸ்டலில் முதல் மாதத்திலேயே அதில் பாதி பொய் என்று தெரிந்துவிடும். பாதி பொய் என்று தெரிந்தபின் மீதிப் பாதியையும் நம்ப மாட்டார்கள்.

அதனால் பூட்டு சாவிக் கதையைக் கொஞ்சம் விலாவாரியாகவே பார்ப்போம்.

மூளைச் செல்கள் ஒன்றோடொன்று வேதிப்பொருள்களால் பேசிக்கொள்கின்றன. ஒரு செல் வேதிப்பொருளை வெளியே விடும். பக்கத்துச் செல்லின் மேற்பரப்பில் இருக்கிற புரதம் அதைப் பிடிக்கும். அந்தப் புரதம்தான் ஏற்பி. சாவி பொருந்தினால் செல்லுக்குள் ஏதோ ஒன்று நடக்கும். மார்ஃபின் பொருந்துவது ஓபியாய்டு ஏற்பியில். வலி அடங்குவதும், அதிகமானால் மூச்சு அடங்குவதும் அங்கேதான். வளைகுடாவையே ஆட்டிப்படைக்கிற கேப்டகான் மாத்திரை வேறு ரகம்; அது டோபமைனைக் கிளப்பிவிட்டுத் தூக்கத்தையும் பசியையும் விரட்டுகிறது. 2023 செப்டம்பரில் துபாய் போலீஸ் கதவுகளுக்குள்ளும் அலங்காரப் பலகைகளுக்குள்ளும் ஒளித்துவந்த 13 டன்னுக்கும் அதிகமான கேப்டகானைப் பிடித்தது நினைவிருக்கலாம். ஏமனில் மெல்லுகிற 'காட்' இலையும் ஏறக்குறைய அதே வழிதான். இவற்றுக்கும் காளானுக்கும் வேதியியலில் பெரிய உறவு எதுவும் கிடையாது.

காளானின் பூட்டு செரோடோனினுக்கு உரியது. செரோடோனினை 1948-இல் அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் கிளினிக்கில் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்தார்கள். ரத்தக்குழாயைச் சுருக்குகிற ஏதோ ஒரு பொருள் என்றுதான் அப்போது நினைத்தார்கள். பெட்டி ட்வாரோக் என்ற இளம் ஆராய்ச்சியாளர், அது மூளையிலும் இருக்கிறது என்று காட்டியது 1953-இல். இன்றைக்கும் நம் உடம்பில் உள்ள செரோடோனினில் பெரும்பகுதி, ஏறக்குறைய 90 சதவீதம், குடலில்தான் இருக்கிறது. காளான் சாப்பிட்டவர்களுக்கு முதலில் வயிற்றைப் புரட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். இணையத்து அனுபவக் கதைகளில் வானவில் வரும்; வாந்தி வருவதைக் குறைவாகத்தான் எழுதுவார்கள்.

செரோடோனினுக்குக் குறைந்தது 14 வகை ஏற்பிகள் இருக்கின்றன. என் தொழில் பாஷையில் சொன்னால், மெசேஜ் ஒன்றுதான், அதைப் பிடித்துக்கொள்கிற ஃபங்ஷன் 14. ஒன்று தூக்கத்தோடு சம்பந்தப்பட்டது, ஒன்று வாந்தியோடு. காளான் விஷயத்தில் முக்கியமானது '5-எச்.டி. 2ஏ' என்பது. இது மூளையின் மேலுறையில், அதிலும் ஐந்தாம் அடுக்கில் உள்ள பெரிய செல்களில் அடர்த்தியாக இருக்கிறது. பல இடத்துத் தகவல்களைச் சேர்த்து முடிவெடுத்து அடுத்த இடத்துக்கு அனுப்புகிற செல்கள் அவை.

காளானில் இருப்பது சைலோசைபின். 1958-இல் சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் நிறுவனத்தில் ஆல்பர்ட் ஹாஃப்மன் அதைப் பிரித்தெடுத்தார். நம் உடம்பு அதிலுள்ள பாஸ்பேட்டைக் கழற்றிவிட்டு சைலோசினாக மாற்றுகிறது. சைலோசினையும் செரோடோனினையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து பாருங்கள், அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். செரோடோனினில் ஐந்தாம் இடத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு ஹைட்ராக்சில், சைலோசினில் நாலாம் இடத்துக்கு நகர்ந்திருக்கும். வால்பக்கம் இரண்டு மெதில் கூடுதல். அவ்வளவு சின்ன வித்தியாசம்தான்.

எல்.எஸ்.டி.யைச் செய்தவரும் இதே ஹாஃப்மன்தான். 1938-இல் தயாரித்து, பயனில்லை என்று ஒதுக்கிவைத்தார். 1943 ஏப்ரலில் மறுபடி தயாரித்தபோது தற்செயலாக உடம்பில் பட்டு அதன் வேலை தெரிந்தது. ஒரு கிராமில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு போதும், பல மணி நேரம் நீடிக்கும். இவ்வளவு குறைந்த அளவு ஏன் இவ்வளவு நேரம் நிற்கிறது என்ற கேள்விக்கு 2017-இல்தான் படத்தோடு விடை வந்தது. 2ஏ-வின் நெருங்கிய உறவான 2பி ஏற்பிக்குள் எல்.எஸ்.டி. உட்கார்ந்திருப்பதைப் படிகமாக்கிப் பார்த்தார்கள். சாவி உள்ளே போனதும் ஏற்பியின் ஒரு பகுதி மூடி மாதிரி அதன்மேல் கவிழ்ந்துகொள்கிறது. உள்ளே போன சாவி சீக்கிரம் வெளியே வர முடிவதில்லை.

இந்த ஒரு பூட்டுதான் காரணம் என்று எப்படி உறுதியாகச் சொல்வது? ஒரு புரோகிராமில் கோளாறு எந்த வரியில் என்று சந்தேகம் வந்தால், அந்த வரியை மட்டும் முடக்கிவிட்டு ஓட்டிப் பார்ப்போம். 1998-இல் சூரிக்கில் ஃபிரான்ஸ் ஃபோலன்வைடர் குழு செய்தது அதுதான். கெட்டான்செரின் என்ற மருந்து இந்த ஏற்பியில் போய் உட்கார்ந்து அடைத்துக்கொள்ளும், எதையும் திறக்காது. அதை முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு சைலோசைபின் கொடுத்தார்கள். எதிர்பார்த்த மனமாற்றம் தடுக்கப்பட்டது. காளான் அதே காளான், மனிதர் அதே மனிதர், ஒரு பூட்டை அடைத்ததும் கதையே நின்றுபோனது.

ஆனால் சாவி திரும்பினால் போதும் என்று எளிதாகவும் முடித்துவிட முடியாது. லிசுரைடு என்று ஒரு மருந்து இருக்கிறது. பார்க்கின்சன் நோய்க்கும் ஒற்றைத் தலைவலிக்கும் பயன்பட்டது. எல்.எஸ்.டி.க்கு நெருங்கிய வடிவம், அதே 2ஏ ஏற்பியில்தான் உட்காருகிறது. ஆனால் அந்த மாயக்காட்சி எதுவும் வருவதில்லை. அதே பூட்டை வேறு மாதிரி திருப்பினால் செல்லுக்குள் வேறு கதவு திறக்கிறது. இது எனக்குப் பிடித்த இடம். சின்ன மாற்றத்துக்கு இவ்வளவு பெரிய விளைவு என்றால், தெருவில் விற்கிற பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்ற கேள்வி எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள். எல்.எஸ்.டி. ஸ்டாம்ப் என்ற பெயரில் என்-போம் வகை வேதிப்பொருள்கள் விற்கப்பட்டிருக்கின்றன. அவையும் இதே பூட்டுதான், ஆனால் திருப்புகிற வேகம் வேறு, உயிர்கள் போயிருக்கின்றன. வாங்குகிற பையனுக்கு இரண்டு காகிதமும் ஒரே மாதிரிதான் தெரியும்.

சரி, பூட்டு திறந்தபின் சிந்தனைக்கு என்ன ஆகிறது?

இருட்டில் கொடியில் தொங்கும் துண்டைப் பார்த்து ஆள் நிற்கிறான் என்று பதறியிருப்போம். கயிறைப் பாம்பாகப் பார்க்கிற கதை நம்ம ஊரில் ஆயிரம் வருஷத்துக்கும் மேல் சொல்லப்பட்டு வருகிறது. கண் அனுப்பும் தகவல் அரைகுறை. மீதியை மூளை தன் அனுபவத்திலிருந்து ஊகித்து நிரப்புகிறது. அல் ஐன் ரோட்டில் மத்தியான வெயிலில் வண்டி ஓட்டும்போது முன்னால் தண்ணீர் தேங்கியிருப்பது மாதிரி தெரியும். யாரும் பிரேக் போடுவதில்லை. கண் தண்ணீர் என்கிறது, மேலே இருந்து "அது கானல், போய்க்கொண்டே இரு" என்று ஒரு குரல் அடக்குகிறது. சாதாரண நாளில் நாம் பார்ப்பதெல்லாம் இந்த இரண்டு பேரின் பஞ்சாயத்து முடிவுதான்.

சைலோசைபின் இந்தப் பஞ்சாயத்தில் மேலிருந்து வருகிற குரலின் அதிகாரத்தைத் தளர்த்துகிறது என்பது 2019-இல் ராபின் கார்ஹார்ட்-ஹாரிஸும் கார்ல் ஃபிரிஸ்டனும் முன்வைத்த விளக்கம். இது கருதுகோள்தான், மறுக்கிற ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். ஆனால் பல அனுபவங்களுக்குப் பொருந்துகிறது. சுவர் மூச்சு விடுவது போலத் தெரிவது, சாதாரண இலை பேரதிசயமாகத் தோன்றுவது, சம்பந்தமில்லாத இரண்டு விஷயங்கள் திடீரென்று ஒன்றாகத் தெரிவது. மொழி மாடல்களோடு வேலை செய்கிறவர்களுக்கு 'டெம்பரேச்சர்' என்ற அளவு தெரியும். அதை ஏற்றினால் மாடலுக்குப் புதிய சொல் எதுவும் வந்துவிடாது. ஏற்கெனவே உள்ள சொற்களில், வழக்கமாக வராதவையும் வர ஆரம்பிக்கும். கொஞ்சம் ஏற்றினால் கவிதை மாதிரி இருக்கும், மேலும் ஏற்றினால் உளறல். மூளை ஒன்றும் மொழி மாடல் இல்லைதான். ஆனாலும் பிள்ளைகளுக்குச் சொல்ல இந்த ஒப்புமை உதவும்: காளான் உள்ளே கொண்டுவந்து வைப்பது எதுவும் இல்லை. உள்ளே இருப்பதன் கட்டு தளர்கிறது. உள்ளே பயம் இருந்தால் அதன் கட்டும் சேர்ந்துதான் தளரும்.

2024-இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வில் ஏழு பேரை மட்டும் எடுத்துக்கொண்டு, சைலோசைபினுக்கு முன்னும் பின்னும் பலமுறை மூளையை ஸ்கேன் செய்தார்கள். ஒப்பிடுவதற்காக வேறொரு நாளில் கவனக்குறைவுக்குக் கொடுக்கும் மெதில்ஃபெனிடேட். சைலோசைபின் நாளில், வழக்கமாகச் சேர்ந்து துடிக்கிற மூளைப் பகுதிகள் ஒத்திசைவை இழந்தன. அதிலும் அதிகமாகக் குலைந்தது, நாம் சும்மா இருக்கும்போது "நான், என் கதை, என் நாளை" என்று ஓடிக்கொண்டிருக்கும் வலையமைப்பு. "நான்" என்பதன் எல்லை கரைந்தது போல இருந்தது என்று பலர் சொல்வது இங்கேதான் வந்து பொருந்துகிறது. அந்த வலையமைப்புக்கும் நினைவுக்கான ஹிப்போகாம்பஸுக்கும் உள்ள தொடர்பில் ஏற்பட்ட மாற்றம் சில வாரங்கள் வரை தெரிந்தது.

இந்த இடத்தில் சிலர் உடனே தியானம், சித்தர், வேதகாலத்துச் சோமபானம் என்று கிளம்பிவிடுவார்கள். சோமம் என்பது ஒரு காளான்தான் என்று கார்டன் வாசன் 1968-இல் ஒரு புத்தகமே எழுதினார். நிரூபணம் ஆகவில்லை. நம்ம பெருமைக்குக் காளானைத் துணைக்கு அழைக்க வேண்டிய அவசியமும் இல்லை என்று விட்டுவிடுகிறேன்.

அக்கா மகளின் கேள்விக்கு வருவோம். அடிமையாக்காது என்று அவள் சொன்னது பெருமளவுக்குச் சரி. ஹெராயின் மாதிரி உடம்பு ஏங்காது. மறுநாளே திரும்ப எடுத்தால் ஏற்பிகள் சரியாகப் பதில் சொல்வதில்லை. மருந்து என்பதும் சரி. ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை 1 முதல், அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள், வேறு சிகிச்சைக்கு அடங்காத மனச்சோர்வுக்குச் சைலோசைபின் கொடுக்கலாம். இதையெல்லாம் நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தலைப்புச் செய்தியில் விட்டுப்போகிற ஒன்று இருக்கிறது. இந்த ஆய்வுகளில் சேர வருகிறவர்களை முதலில் வடிகட்டுகிறார்கள். ஸ்கிட்சோஃப்ரினியா போன்ற மனப்பிளவு நோய் அல்லது பைபோலார் இருந்தால் வேண்டாம். லித்தியம் எடுக்கிறவரா, வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் வலிப்பு வந்ததாகப் பல பதிவுகள் உள்ளன. அடுத்த கேள்வி: உங்கள் குடும்பத்தில், அப்பா அம்மா கூடப்பிறந்தவர்களில், யாருக்காவது அந்த நோய் இருந்ததா? ஆம் என்றால் பெரும்பாலும் அங்கேயே கதவு மூடிவிடும். தேறியவர்களுக்கும் பக்கத்தில் பயிற்சி பெற்ற ஆள் உட்கார்ந்திருக்க, அளந்த மருந்துதான்.

மனப்பிளவு நோய் பெரும்பாலும் தலைகாட்டுவது பதின்வயதின் கடைசியிலிருந்து இருபதுகளின் நடுவுக்குள். நாம் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்புகிற அதே வயது. முன்மூளை முழுதாக முதிர்வதும் இருபதுகளின் நடுவில்தான். பூட்டு எல்லாருக்கும் ஒன்றே, கதவுக்குப் பின்னால் இருக்கிற வீடு ஆளுக்கு ஆள் வேறு.

ஊருக்குப் போனால் அங்கேயும் இது இருக்கிறது. கொடைக்கானல் பக்கம் சுற்றுலாப் பயணிகளிடம் காளான் விற்பதும் போலீஸ் பிடிப்பதும் பல வருஷமாக நடக்கிறது. லீவுக்குப் போகும் கஸின்கள் கூட்டமாகக் கிளம்பும்போது இந்தப் பேச்சு வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மலையில் முளைக்கிற எல்லாக் காளானும் ஒன்றில்லை. கல்லீரலைத் தின்கிற அமடாக்சின் உள்ள ரகங்களைச் சாப்பிட்டால் ஆறு மணி நேரத்துக்கு மேல் எதுவும் தெரியாது. பிறகு வயிற்றுப்போக்கு, நடுவில் சரியானது மாதிரி ஒரு நாள், அதற்கப்புறம் கல்லீரல் செயலிழப்பு. வேலியோரத்து ஊமத்தையை இதோடு சேர்த்துப் பேசுகிறவர்களும் உண்டு. அது முற்றிலும் வேறு பூட்டு: அசிட்டைல்கோலின் ஏற்பியை அடைத்துவிடும். வாய் வறளும், உடம்பு கொதிக்கும், இல்லாத ஆளோடு பேசிக்கொண்டிருப்பார்கள். காளான் எடுத்தவருக்குப் பெரும்பாலும் "இது காளானால் வருகிறது" என்ற தெளிவு மிஞ்சும். ஊமத்தையில் அதுவும் போய்விடும், உயிரும் போகலாம்.

சட்டத்தைப் பற்றியும் வாட்ஸ்அப்பில் அரைகுறையாகச் சுற்றுகிறது. 2025 ஜனவரியில் கேரள உயர்நீதிமன்றம் ஒரு ஜாமீன் வழக்கில், காளான் இயற்கையாக வளர்வது, அதன் மொத்த எடையையும் போதைப்பொருள் கலவையாகக் கணக்கிட முடியாது என்றது. "இந்தியாவில் காளான் லீகல்" என்று அது உருமாறிவிட்டது. சைலோசைபின் இன்னமும் 1985-இன் போதைப்பொருள் தடுப்புச் சட்டப் பட்டியலில்தான் இருக்கிறது. எல்.எஸ்.டி.க்கு அந்தச் சட்டத்தில் வணிக அளவு 0.1 கிராம், அதற்கு மேல் போனால் குறைந்தது பத்து வருஷம்.

இங்கே நம்ம ஊரில், அமீரகத்தில், ரத்தத்திலோ சிறுநீரிலோ இருந்தாலே கையில் வைத்திருந்ததாகக் கணக்கு. எங்கே எடுத்தாய் என்பது உதவாது. டிசம்பர் லீவுக்கு டொராண்டோவிலிருந்து துபாய் வந்து இறங்குகிற பிள்ளைக்கு இதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். அங்கே ரூம்மேட் கொடுத்த சாக்லேட் பெட்டியைத் திறந்து பார்க்காமல் கொண்டுவரக் கூடாது என்பதையும். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 2021-ஆம் ஆண்டின் 30-ஆம் எண் சட்டப்படி, சொந்த உபயோகத்துக்கு முதல்முறை பிடிபட்டால் குறைந்தது மூன்று மாதச் சிறை, அல்லது 20,000 முதல் 1,00,000 திர்ஹாம் வரை அபராதம். எல்லாருக்கும் தெரிந்த பக்கம் இது.

தெரியாத பக்கம் ஒன்றும் இதே சட்டத்தில் இருக்கிறது. உபயோகிக்கிறவரே, அல்லது அவருடைய கணவனோ மனைவியோ நெருங்கிய உறவினரோ, பிடிபடுவதற்கு முன் தாமாகப் போய்ச் சிகிச்சை கேட்டு, கையில் இருப்பதையும் ஒப்படைத்துவிட்டால் அவர்மேல் குற்ற வழக்கு கிடையாது. அபுதாபியில் 2002-இலிருந்து தேசிய மறுவாழ்வு மையம் இயங்குகிறது; துபாயில் எராதா மையம். பயத்தில் பிள்ளையை அறைக்குள் பூட்டிவைத்து, அவசரமாக ஊருக்கு டிக்கெட் போடுகிற பெற்றோர் இந்த ஒரு பிரிவைத் தெரிந்துவைத்திருந்தால் நல்லது.

இனி நம்ம பக்கம். "குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா?" என்ற கேள்வியைக் கனடா டாக்டர் கேட்டால் நம்ம பிள்ளை என்ன பதில் சொல்லும்? "தெரியாது" என்றுதான். ஏனென்றால் நமக்கே தெரியாது. தமிழ்க் குடும்பங்களில் சர்க்கரையையும் பிரஷரையும் பெருமையாகச் சொல்வார்கள். மனநோயை யாரும் சொல்ல மாட்டார்கள். வீட்டில் பெண்ணுக்கு வரன் பார்க்க வேண்டியிருக்கும். ஒரு சித்தப்பாவுக்கு "நரம்புத் தளர்ச்சி", ஓர் அத்தைக்கு "சாமி வரும்", பெரியப்பா ஒருவர் "கோயில் கோயிலாகப் போயிட்டார்". நாம் இங்கே வளர்ந்ததால், வருஷத்துக்கு ஒரு மாதம் மட்டும் ஊரைப் பார்த்ததால், இந்தச் சொற்களுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று கேட்கிற அளவுக்கு அந்தச் சொந்தங்களோடு நெருக்கமும் இல்லை. பாட்டி தாத்தா இருக்கும்போதே கேட்டால்தான் உண்டு.

அக்காவும் நானும் அம்மாவிடம் கேட்டோம். மனநோய் என்ற சொல்லைக் கொண்டுவந்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடும் என்று தெரியும். அதனால், "யாராவது நாள்கணக்கா தூங்காம இருந்தாங்களாம்மா? தனியா பேசிக்கிட்டு, யாரோ தன்னைப் பாக்கறாங்கன்னு சொல்லிக்கிட்டு?" என்று கேட்டோம். ஃபோனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அம்மா, தன் தம்பி பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். ஐ.டி.ஐ. படிக்கும்போது இருபது வயதில் ஆரம்பித்ததாம். மந்திரித்துக் கயிறு கட்டினார்களாம். பிறகு ஆஸ்பத்திரி, மாத்திரை, நடுவில் நிறுத்தியது, மறுபடி மாத்திரை. நாங்கள் "கோபக்கார மாமா" என்று பயந்து ஒதுங்கிப்போன மாமா அவர்.

அக்கா அவரை நேரடியாகவே கூப்பிட்டுப் பேசினாள். மாத்திரையின் பெயரை அவரே ஸ்பெல்லிங் சொல்லிக் கொடுத்தார். "பாப்பாகிட்ட சொல்லு, மறைக்காத" என்றாராம். அவள் அதை ரத்த வகை, தடுப்பூசி அட்டை எல்லாம் இருக்கிற ஃபைலில் எழுதி வைத்திருக்கிறாள். மகள் அதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் காளானைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. மாமாவைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.